சின்ன ரிவால்வருக்கு ஏற்ற இடுப்பு உறை: தேர்ந்தெடுக்கும் முறை

ரிவால்வர் சின்னது, அதை மறைப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்து, கண்ணில் பட்ட முதல் உறையை வாங்கிவிடுகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். சில நாள் இடுப்பில் மாட்டிப் பார்ப்பார்கள். விலாவில் இடிக்கும், காரில் உட்கார்ந்தால் குத்தும், சட்டைக்கு மேல் புடைத்துத் தெரியும். பிறகு அந்த உறை மேசை இழுப்பறைக்குப் போய்விடும். ரிவால்வர் வெறுமனே கைப்பையிலோ பேன்ட் பாக்கெட்டிலோ ஏறிக்கொள்ளும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. விசை மூடப்படாத ஒரு துப்பாக்கி, சாவிக்கொத்தும் பேனாவும் கிடக்கிற பைக்குள் ஒருபோதும் கிடக்கக் கூடாது. உறுத்தாத உறையைத்தான் மனிதர்கள் நாள் முழுக்கக் கட்டியிருப்பார்கள். அதனால் வசதியையும் பாதுகாப்பையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதலில் சட்டம்

அளவெடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம். வெளியே தெரிகிற மாதிரி என்றால் அது உறைக்குள் இருந்தாக வேண்டும். நியூயார்க்கிலோ, அந்த மாநிலத்தின் கட்டுப்பாட்டைத் தளர்த்திய 2022 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் உரிமம் கட்டாயம். மாநில எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறும். எந்த மாநிலமானாலும் தபால் நிலையம், மத்திய அரசுக் கட்டடங்கள் போன்ற இடங்களுக்குத் தனித் தடை உண்டு.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதையே அமெரிக்க மத்திய சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் கொடுத்தார், பழகிப் பார்க்கத்தான் வைத்திருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. இந்தியாவில் உரிமம் உள்ளவர்களுக்கும் 2016 ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுதும் மூடப்பட்டுத்தான் இருக்க வேண்டும்.

துப்பாக்கியின் உடம்பைப் படியுங்கள்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950-இல் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்ற ஐந்து குண்டு ரிவால்வரைக் கொண்டுவந்தது. ஜே-ஃபிரேம் என்று இன்று அழைக்கப்படும் குடும்பம் அதிலிருந்து வளர்ந்தது. அதே குடும்பத்தின் 642, அலுமினியக் கலவையில் செய்யப்பட்டு 420 கிராம் அளவில் நிற்கிறது. எஃகால் செய்த 640 அறுநூறு கிராமைத் தாண்டுகிறது. 2009-இல் வந்த ரூகர் எல்.சி.ஆர். இன்னும் இலேசு, 400 கிராமுக்கும் கீழே. இத்தகைய ரிவால்வர்களில் குழல் பொதுவாக ஏறக்குறைய 48 மில்லிமீட்டர். சிலிண்டரின் தடிமன் 33 மில்லிமீட்டர்.

இந்தக் கடைசி இரண்டு எண்களில்தான் எல்லாப் பிரச்சினையும் இருக்கிறது. சிலிண்டர் ஓர் இடத்தில் மட்டும் புடைத்திருக்கிறது. குழலோ குட்டை, பெல்ட்டுக்குக் கீழே பிடித்து நிறுத்த எடை போதாது. சிலிண்டரும் பிடியும் பெல்ட் மட்டத்திலும் அதற்கு மேலும் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே மேல்பாரம் அதிகமாகி, பிடி உடம்பை விட்டு வெளிப்பக்கம் சாய்கிறது. பெரிய துப்பாக்கியின் நீண்ட குழல் தொடையோடு படிந்து அதைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். சின்ன ரிவால்வருக்கு அந்த உதவி கிடையாது. அந்த வேலையை உறையும் பெல்ட்டும் செய்தாக வேண்டும்.

சட்டைக்கு மேல் தெரிவதும் பெரும்பாலும் பிடியின் அடிமுனைதான். பிடியைக் குட்டையாக்கினால், இன்னும் குட்டையான குழலைத் தேடுவதைவிட நன்றாக மறையும். ரப்பர் பிடி கைக்கு இதமாக இருக்கும், ஆனால் பருத்திச் சட்டையைக் கவ்விக்கொள்ளும். குனிந்து நிமிர்ந்தால் சட்டை அங்கேயே தங்கிவிடும். வழவழப்பான மரப்பிடியில் துணி வழுக்கி இறங்கும். சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாதிரிகள் எடுக்கும்போது துணியில் மாட்டும். சுத்தியல் உள்ளே மறைந்த மாதிரிகளை இடுப்பில் மறைத்து வைப்பதற்கு நான் விரும்புவது அதனால்தான்.

உடம்பில் இடம் தேடுவது

உறை வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். சிலிண்டரைத் திறந்து குண்டுகள் அத்தனையையும் எடுத்து வேறு அறையில் வையுங்கள். ஐந்து அறைகளையும் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு உறுதிசெய்யுங்கள். பிறகு காலி ரிவால்வரை, விசைப் பக்கம் விரல் போகாமல், பெல்ட்டின் மேல் பல இடங்களில் வைத்துப் பாருங்கள்.

தொப்புளைக் கடிகாரத்தின் 12 மணி என்று வைத்துக்கொண்டால், வலக்கைக்காரருக்கு வலது இடுப்பெலும்பு 3 மணி. அதற்குச் சற்றுப் பின்னால், 4 மணியை ஒட்டி, பெரும்பாலான உடம்புகளில் ஒரு பள்ளம் இருக்கும். சின்ன ரிவால்வருக்கென்றே அமைந்த இடம் அது. சிலிண்டரின் புடைப்பு அந்தப் பள்ளத்தில் இறங்கிவிடும். சரியாக 3 மணியில் வைத்தால் எலும்போடு உரசும், பக்கவாட்டிலும் துருத்தும். முதுகுத்தண்டின் மேல், அதாவது 6 மணியில், வைக்கவே வேண்டாம். வழுக்கி மல்லாந்து விழுந்தால் இரும்புக்கும் தரைக்கும் நடுவில் முதுகெலும்பு மாட்டும்.

தொப்பை உள்ளவர்களுக்கு அடிவயிற்றுப் பக்கம், 1 மணி, உட்காரும்போதெல்லாம் குத்தும். மேலும் அங்கே குழல் தொடையையும் அடிவயிற்றையும் நோக்கியே இருக்கும்; பழக்கம் இல்லாதவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நாளெல்லாம் கார் ஓட்டுகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: இடப்பக்க முன்புறத்தில், பிடி வலக்கையை நோக்கியபடி குறுக்காக வைப்பது. சீட் பெல்ட் இடிக்காது, முதுகும் சாய்ந்திருக்கலாம்.

பெண்களுக்கான ஆலோசனை பல கடைகளில் தவறாகவே தரப்படுகிறது. இடுப்பு வளைவு அதிகமாகவும், இடைக்கும் விலாவுக்கும் இடையே தூரம் குறைவாகவும் இருக்கும் உடம்பில், ஆண்களுக்கென்று வெட்டிய உறையை மாட்டினால் பிடி நேரே விலாவில் குத்தும். சற்றுத் தாழ இறங்கி உட்காரும் உறையோ, சாய்வில்லாமல் நேராக நிற்கும் உறையோ அவர்களுக்குப் பொருந்தும். இடுப்பெலும்புக்கு முன்னால், 2 மணி வாக்கில் வைத்துப் பார்ப்பதும் பலருக்குச் சரிப்படும்.

பெல்ட்

பணம் இரண்டுக்கும் போதாதென்றால் முதலில் நல்ல பெல்ட்டை வாங்குங்கள். துணிக்கடைப் பெல்ட் பேன்ட்டைத் தாங்குவதற்கு மட்டும் போதுமானது; அரைக் கிலோ ஒருபக்கமாகத் தொங்கினால் முறுக்கிக்கொள்ளும், உறை வெளியே கவிழும். இரண்டு அடுக்குத் தோலை ஒட்டித் தைத்த பெல்ட்டோ, உள்ளே விறைப்பான பட்டை வைத்ததோ வேண்டும். பெல்ட்டைச் சுருட்டாமல் கிடைமட்டமாக நீட்டிப் பிடித்து, இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுகினால் அது உதவாது.

அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர், பரவலாகக் கிடைக்கும் அளவு. உறையின் துளையும் அதே அளவு இருக்க வேண்டும். ஒன்றே முக்கால் அங்குலத் துளையில் ஒன்றேகால் அங்குலப் பெல்ட்டை நுழைத்தால், உறை நடக்க நடக்க மேலும் கீழும் ஆடும். ஆடும் உறை உரசும், உரசினால் தோல் புண்ணாகும்.

உள்ளேயா, வெளியேயா?

பேன்ட்டுக்கு உள்ளே செருகும் உறை நன்றாக மறைக்கும். சட்டை மேலே ஏறினாலும் பிடி மட்டும்தான் தெரியும். அதற்கு விலையாக இடுப்பளவில் ஓரிரு அங்குலம் பெரிய பேன்ட் வேண்டும். வெளியே கட்டும் உறை வசதியானது, ஆனால் நீளமான சட்டை வேண்டும். ஹூஸ்டன் போன்ற வியர்த்துக் கொட்டும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு வெளிப்பக்க உறையையே நான் முதலில் சொல்வேன். உள்ளே வைத்தால் வியர்வை உப்பு நேரே இரும்பில் படும். கருநீலப் பூச்சுள்ள எஃகு வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். உள்ளேதான் வேண்டும் என்றால், துப்பாக்கிக்கும் உடம்புக்கும் நடுவே உயர்ந்து நிற்கும் மடல் உள்ள உறையை எடுங்கள்.

வெளிப்பக்க உறைகளில் இரண்டு அமைப்புகளை நன்கு பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று 'பான்கேக்'. ஆர்கன்சாஸைச் சேர்ந்த ராய் பேக்கர் இதைப் பிரபலமாக்கினார். இரண்டு தோல் துண்டுகளுக்கு நடுவே துப்பாக்கி; முன்னும் பின்னும் அகன்ற இறக்கைகள்; ஒவ்வொன்றிலும் பெல்ட்டுக்கான துளை. பெல்ட்டை இறுக்கும்போது இரு இறக்கைகளும் உடம்போடு வளைந்து படிகின்றன, நடுவிலுள்ள சிலிண்டரும் உள்ளே அமுங்குகிறது. துளைகள் எவ்வளவு தள்ளியிருக்கின்றனவோ அவ்வளவு நன்றாக இழுக்கும். மூன்று துளை உள்ளதை வாங்கினால் சாய்வை மாற்றலாம், குறுக்காகவும் கட்டலாம்.

மற்றொன்று, கலிபோர்னியாவில் போதைப்பொருள் தடுப்பு அதிகாரியாக இருந்த புரூஸ் நெல்சன் வடிவமைத்து, பிறகு பலரும் பின்பற்றியது. அதில் பெல்ட்டுக்கான ஒரு வளையம் உறையின் முதுகிலும், ஒரு துளை விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக்காப்புக்குப் பின்னாலும் இருக்கும். அந்தப் பின்துளை பிடியை நேரடியாக உடம்பை நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. மேல்பாரம் உள்ள சின்ன ரிவால்வருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. நெல்சனே வடிவமைத்த, பேன்ட்டுக்குள் செருகும் 'சம்மர் ஸ்பெஷல்' உறையை ஐடஹோவின் மில்ட் ஸ்பார்க்ஸ் செய்து விற்றார். உள்ளே வைப்பவர்களுக்கு அதன் வழிவந்தவை இன்றும் கிடைக்கின்றன.

ஒரே கொக்கியில் தொங்குகிற மெல்லிய நைலான் உறைகளைத் தொடாதீர்கள். பல அளவுத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தால், உங்களுடையதற்குச் சரியாகப் பொருந்தாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழல் பெல்ட்டின் கீழ்விளிம்பைத் தாண்டாத அளவுக்கு உயரத்தில் நிற்கும் உறைகளும் கவிழும். குழலைவிட உறை ஓர் அங்குலம் நீளமாக இருந்தால், அந்த நீளம் இடுப்பில் ஊன்றிப் பிடியை உள்ளே தள்ளும்.

கண்டிப்பாகச் சோதிக்க வேண்டிய மூன்று

விசைக்காப்பு முழுதும் மூடியிருக்க வேண்டும், வெளியிலிருந்து அழுத்தினாலும் விசையை அசைக்க முடியாத விறைப்போடு. இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். அடுத்து, துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். வாய் மூடிக்கொள்கிற உறைக்குள் துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போது, மடிந்த தோல் விசைக்குள் நுழைந்து குண்டு வெடித்துவிடக்கூடும். மூன்றாவதாக, காலி ரிவால்வரை உறையிலிட்டு, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து மெல்லக் குலுக்குங்கள். விழுந்தால் உறையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தோலா, கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கா என்பது பெரும்பாலும் விருப்பம். கைடெக்ஸ் வியர்வையை உறிஞ்சாது, வாய் மூடாது. ஆனால் கடினம், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் வளையலாம். தோல் நாளடைவில் உங்கள் இடுப்புக்கு இசையும். அது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதா என்று கேளுங்கள். திருச்சி, திண்டுக்கல் பக்கம் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட முறையின் இனம்தான் அது. அப்படிப் பதனிட்ட தோலை நனைத்து அச்சில் அழுத்தினால் துப்பாக்கியின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, வடிவம் நிற்காது, இரும்பை அரிக்கவும் கூடும்.

வீட்டில் ஒத்திகை

திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கி, காலி ரிவால்வரோடு வீட்டுக்குள்ளேயே ஒரு மாலை முழுக்கக் கட்டியிருங்கள். கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காருங்கள், தரையில் சம்மணமிடுங்கள், நிறுத்தி வைத்த காரில் ஏறி சீட் பெல்ட் போடுங்கள். மேல் அலமாரியை எட்டும்போது சட்டை எவ்வளவு ஏறுகிறது என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பை மடக்கிக் குனிந்தால் பிடி முதுகில் துருத்தும். முழங்காலை மடக்கி இறங்கப் பழகுங்கள். ஓர் அளவு பெரிய, கட்டமிட்ட அல்லது பூப்போட்ட சட்டை புடைப்பைக் கண்ணுக்குக் காட்டாது. வெளிர்நிற ஒற்றை வண்ணம் காட்டிக்கொடுக்கும்.

கழிப்பறையை யாரும் சொல்லித் தருவதில்லை. பேன்ட் இறங்கும்போது உறையோடு சாய்ந்து துப்பாக்கி தரையில் விழுவதும், பக்கத்துத் தடுப்பில் இருப்பவர் கண்ணில் படுவதும் நடக்கிறது. அங்கே துப்பாக்கியை வெளியே எடுத்து எங்கும் வைக்காதீர்கள்; உறையில் விட்டபடியே பெல்ட்டை மீண்டும் முழங்கால் மட்டத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், இடுப்பிலிருந்து கழற்றிய நொடியே உறையோடு சேர்த்துப் பூட்டுப்பெட்டிக்குள் போக வேண்டும். அலமாரி உச்சி பூட்டு ஆகாது.

துப்பாக்கியைத் திரும்ப உறையிலிடும்போது அவசரமே வேண்டாம். சட்டையை மறுகையால் முழுதும் விலக்கி, விரலைச் சட்டகத்தின் மேல் நீட்டி, கண்ணால் பார்த்தபடி மெதுவாக இறக்குங்கள்.

புதுத் தோலுறை இறுக்கமாகவே இருக்கும். காலித் துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைக்குள் ஓர் இரவு வைத்தால் போதிய அளவு இளகும். எண்ணெய் தடவி இளக்க வேண்டாம், தோல் தொய்ந்துவிடும். நாட்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் துப்பாக்கியைத் தோலுறையில் விடாமல் துடைத்துத் தனியே பூட்டி வையுங்கள். தோல் பிடித்து வைத்திருக்கும் ஈரம் இரும்பைத் தின்னும். அவ்வப்போது தையலையும் திருகுகளையும் பாருங்கள். உறையின் வாய் தளர்ந்து உள்ளே மடியத் தொடங்கினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அன்றே மாற்றிவிடுங்கள்.