ஃபிரான்சைஸ் கடை கைமாறும்போது: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தில் கடை எடுத்தவருக்குக் கிடைப்பது, ஒரு பெயரையும் செய்முறையையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்களையும், இரு தரப்பும் கையெழுத்திட்ட பத்திரத்தையும் வைத்தே வழக்குகள் தீர்க்கப்படுகின்றன. பத்திரத்தைப் படிக்காமல் கடையை விற்க அட்வான்ஸ் வாங்கிவிடுபவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம்.

நம்பிக்கை: சொந்தப் பணத்தில் போட்ட கடையை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

உண்மை: மேசை நாற்காலியையும் சரக்கையும் விற்பது வேறு, பெயரோடு கடையை விற்பது வேறு. ஒப்பந்தத்தின் பலனை மாற்றித் தரலாம். கடமைகளை எதிர்த்தரப்பின் சம்மதமின்றி இன்னொருவரிடம் மாற்றிவிட முடியாது. உச்ச நீதிமன்றம் 1962இல் கர்தா கம்பெனி வழக்கில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. ராயல்டி கட்டுவதும் தரம் காப்பதும் கடமைகள். ஆகவே பிராண்ட் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. அதோடு பாக்கி தீர்த்தல், மாற்றக் கட்டணம், புதியவருக்குப் பயிற்சி ஆகியவையும் வழக்கமான நிபந்தனைகள். அதே விலைக்குத் தானே முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பல நிறுவனங்கள் பத்திரத்திலேயே எழுதி வைத்துக்கொள்கின்றன.

நம்பிக்கை: கம்பெனி பெயரில் உரிமம் இருந்தால், பங்குகளை விற்றுவிட்டால் போதும், ஒப்புதல் வேண்டாம்.

உண்மை: பங்குதாரர் மாறினாலும் கம்பெனி அதேதான் என்பது சட்டப்படி சரி. அந்த வழியை அடைக்கவே கட்டுப்பாட்டு மாற்றத்துக்கும் ஒப்புதல் கேட்கும் பிரிவு சேர்க்கப்படுகிறது. இதற்குச் சிறந்த சான்று குஜராத் பாட்டிலிங் வழக்கு. தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் போன்ற பெயர்களை பார்லேயிடமிருந்து கோகோ கோலா 1993இல் வாங்கியது. அவற்றை நிரப்பி விற்ற குஜராத் பாட்டிலிங்கின் பங்குகள் 1995 தொடக்கத்தில் பெப்சி சார்ந்தவர்களிடம் போயின. ஒப்பந்தமோ, முன் ஒப்புதலின்றிக் கட்டுப்பாடு கைமாறக் கூடாது என்றது. அது நடப்பில் உள்ளவரை போட்டிப் பானங்களைத் தயாரிக்கவும் தடை விதித்தது. ஒப்பந்தக் காலத்துக்குள் செயல்படும் அத்தகைய தடை, ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு செல்லாது என்று சொல்லும் வணிகத் தடை அல்ல என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் தீர்ப்பளித்தது. குஜராத் பாட்டிலிங்கின் நடத்தை நியாயமற்றது என்றும் கண்டது. பானச் சந்தையில் இரு பெரும் நிறுவனங்கள் மோதிய வழக்கு என்றாலும், தெருமுனைத் தேநீர்க் கடையின் பத்திரத்துக்கும் இந்த விதி பொருந்தும்.

நம்பிக்கை: உரிமையாளர் இறந்தால் கடை தானாகவே பிள்ளைகளுக்கு வரும்.

உண்மை: பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, இறந்தவரின் வாக்குறுதிகள் வாரிசுகளைக் கட்டுப்படுத்தும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவு. ஆனால் தனிப்பட்ட திறமையை நம்பிச் செய்த ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது. பல பத்திரங்கள் வாரிசு தகுதி பெறவோ விற்றுவிடவோ குறிப்பிட்ட அவகாசம் மட்டுமே தருகின்றன. கலிபோர்னியாவில் துணைவருக்கும் வாரிசுகளுக்கும் சட்டமே நியாயமான அவகாசம் அளிக்கிறது. அந்தப் பாதுகாப்பு இங்கு இல்லாததால், அதைப் பத்திரத்திலேயே கேட்டுப் பெற வேண்டும்.

நம்பிக்கை: விற்றபின் பொறுப்பு முடிந்தது.

உண்மை: பழைய ஒப்பந்தம் நீங்கிப் புதியது பிறக்க, விற்பவர், வாங்குபவர், பிராண்ட் நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் சம்மதிக்க வேண்டும். விற்றவர் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருந்தால், நிறுவனம் எழுத்தில் விடுவிக்கும் வரை புதியவரின் பாக்கிக்கும் அவரைக் கேட்க இடமுண்டு. கட்டட வாடகை ஒப்பந்தத்தைக் கட்டட உரிமையாளரிடம் தனியாக மாற்ற வேண்டும். வாங்குபவர் தம் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டும்.