அமானிதமும் ஆறு வருடக் கெடுவும்

சகோதரர்களே! கடை பாக்கியை எத்தனை வருடத்துக்குள் வசூலிக்கவேண்டும் என்பது வியாபாரிகளான நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பிள்ளைகளின் பொருளை வைத்திருக்கும் டிரஸ்டியின்மீது எத்தனை வருடத்துக்குள் வழக்கிடலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

ஒருவர் தாம் உயிரோடிருக்கும்போதே 30,000 வெள்ளியைத் தம் சிறு பிள்ளைகளுக்கென்று எழுதி, தம்பியை டிரஸ்டியாக வைத்து, பின் மௌத்தாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது: தம்பி கெட்ட எண்ணமின்றி, ஆனால் ஈடு வாங்காமல், அப்பணத்தை யாருக்கோ கடன் கொடுத்தார், அது திரும்பவில்லை. இத்தகைய தவறுக்குக் கெடு 6 வருடம். சிங்கப்பூரின் 1959ஆம் வருடத்துக் காலவரம்புச் சட்டமும், தீபகற்ப மலேசியாவில் செல்லும் 1953ஆம் வருடத்துச் சட்டமும் தத்தம் 22ஆம் பிரிவில் இவ்வாறே கூறுகின்றன. தவறு நடந்த நாளிலிருந்து கெடு ஓடும். அன்று பிள்ளைகள் மைனராக இருந்தால், மேஜரான நாளிலிருந்து 6 வருடம் உண்டு.

இரண்டாவது: தம்பி அப்பணத்தைத் தம் சொந்தக் கடையில் போட்டுக்கொண்டார், அல்லது கொடுக்காமல் இன்னும் கையில் வைத்திருக்கிறார். அதைத் திரும்பக் கேட்க 6 வருடக் கெடு கிடையாது.

மூன்றாவது: பொய்க்கணக்கு எழுதி மோசடி செய்தார். இதற்கும் அந்தக் கெடு கிடையாது.

கெடு இல்லையென்று தூங்கிவிடலாமா? கூடாது. காரணமின்றி நெடுங்காலம் சும்மா இருந்தவருக்குக் கோர்ட்டு பரிகாரம் மறுக்கவும் கூடும். மேலும், சாட்சிகள் மௌத்தாகிவிடுவர். பேரேட்டைக் கரையான் தின்றுவிடும்.

நம்மவரிடம் உள்ள பெரிய தடை சட்டமன்று, கூச்சம். "சாச்சாவிடம் கணக்குக் கேட்பதா?" என்று பிள்ளைகள் வாய்மூடி இருக்கின்றனர். 6 வருடம் ஓடியபின் வக்கீலிடம் போய் அழுகின்றனர். உறவும் போகிறது, பொருளும் போகிறது.

ஆகவே டிரஸ்டியாக இருப்போர், பிள்ளைகள் கேட்குமுன்னரே வருடந்தோறும் கணக்கை எழுதிக் காட்டுவோமாக. அநாதைகளின் பொருளை ஒப்படைக்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளுமாறு குர்ஆன் ஷரீபின் 4ஆம் சூரா, 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அது பிள்ளைகளுக்கு மட்டுமன்று, டிரஸ்டிக்கும் பாதுகாப்பு. பிள்ளைகளும் மேஜரானவுடன் மரியாதையோடு கணக்குக் கேட்கட்டும். சந்தேகமிருந்தால் காலம் கடத்தாமல் வக்கீலைப் பார்க்கட்டும்.

கோர்ட்டில் சில தவறுகளுக்குக் கெடு முடிந்துவிடும். அல்லாஹ்வின் சந்நிதியில் அமானிதத்தின் கணக்குக்குக் கெடு கிடையாது. வஸ்ஸலாம்.