களைத்த கைகளும் கூடிய கைகளும்

எமது நாட்டில் 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. நோயாளி தேடிவரும் வரை காத்திராமல், சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் எல்லோரும் ஒரே குழுவாக மக்களிடம் செல்லும் முறை அங்குதான் வேரூன்றியது. இன்று கிராமங்களில் நாம் காணும் சேவை அதிலிருந்து வளர்ந்ததே.

ஆனால் இக்குழுவில் ஒருவர் குறைந்தால் என்ன நிகழ்கிறது? ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கிடப்படும் குடும்பநல உத்தியோகத்தர், அடுத்த பிரிவையும் சேர்த்துச் சுமக்கிறார். 2006 இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் இருந்தோருக்கு நீண்ட வரிசைகளை நினைவூட்டத் தேவையில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் பல வைத்தியர்கள் நாட்டைவிட்டுச் சென்றபோது, எஞ்சியோரின் சுமை மேலும் கூடியது.

வேலைச் சோர்வு என்பது என்ன?

ஓர் இரவு உறங்கினால் தீரும் களைப்பு அல்ல இது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: சக்தி வற்றிப்போதல், தொழிலில் மனம் விட்டுப்போதல், செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். இது நோயன்று, வேலைத்தலத்தின் ஓயாத நெருக்கீட்டினால் வருவது. எனவே தனியாளைக் குறைகூறுவதில் பயனில்லை; வேலை செய்யும் முறையைத் திருத்த வேண்டும்.

குழு எப்படி உதவும்?

அருவி வெட்டில் ஒருவர் வெட்ட, ஒருவர் உப்பட்டி கட்ட, ஒருவர் சூடு வைப்பதை நாம் அறிவோம். எல்லாவற்றையும் ஒருவரே செய்தால் இடுப்பு முறியும். மருத்துவத்திலும் அப்படியே. நிறை பார்த்தல், பதிவு, மருந்து, ஆலோசனை ஆகியவற்றைப் பங்கிட வேண்டும். காலையில் பத்து நிமிடம் கூடிப் பேச வேண்டும். துயரமான மரணத்தின் பின் ஒருவரையொருவர் விசாரிக்க வேண்டும்.

மலேரியா இதற்கு நல்ல சான்று. 1999 இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் கண்டது. இரத்தம் எடுப்போர், நுணுக்குக்காட்டியில் பார்ப்போர், மருந்து தெளிப்போர், நடமாடும் கிளினிக் நடத்துவோர் என எல்லோரும் போர்க்காலத்திலும் இணைந்து உழைத்தனர். 2012 ஒக்டோபருக்குப் பின், 2016 வரை உள்நாட்டில் தொற்றிய நோயாளி எவரும் பதிவாகவில்லை. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. தனியொரு வைத்தியரால் இது ஆகியிராது.

எமது பங்கு

நாமும் அக்குழுவின் அங்கத்தவரே. கிளினிக் அட்டையையும் குடிக்கும் மருந்துகளையும் மறவாது கொண்டுசெல்வோம். கர்ப்பிணிகளையும் முதியோரையும் முன்னே விடுவோம். கிளினிக் நாளில் கதிரை அடுக்கவும் வரிசை ஒழுங்குபடுத்தவும் மாதர் சங்கமும் இளைஞரும் முறைவைத்துச் செல்லலாம். குறையிருப்பின் தாதியிடம் சத்தமிடாமல், சங்கத்தின் மூலம் சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதுவோம். வெற்றிடத்தை நிரப்பும்படி கேட்பது எமது உரிமை. களைத்தவர் விலகிச் சென்றால், முதலில் மூடப்படுவது தூரக் கிராமத்தின் கிளினிக்கே.

கூடிச் சிந்திக்க:

1. எமது கிராமத்தில் சுகாதாரச் சேவை செய்வோர் எத்தனை பேர்? வெற்றிடங்கள் எவை?

2. அவர்களின் எந்த வேலையை நாம் இலகுவாக்கலாம்?

3. அடுத்த கிளினிக் நாளுக்கு யார் யார் செல்வது?