ஆட்டைப் பார்க்காதீர்கள், புல்லைப் பாருங்கள்

டொராண்டோ மாநகராட்சி 2024-ல் டான் பள்ளத்தாக்கின் பழைய செங்கல் சூளைப் பூங்காவில் ஆடுகளை மேயவிட்டது. புல்வெளியில் புதர் ஏறாமல் இருக்கச் செய்த சோதனை அது. ஊரே திரண்டு படம் எடுத்தது. மேய்ச்சலையும் இயற்கைப் பாதுகாப்பையும் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு, இங்கே இருக்கும் காங்கயத்துக்காரன் நான் சொல்வது:

1. முதலில் புல்லின் பெயர்களைப் படியுங்கள் கண்ணுகளா. எது ஆண்டுக்கணக்கில் நிற்கும், எது ஒரு மழைக்கு வந்து போகும் என்று தெரியாதவர் கையில் ஆட்டைக் கொடுக்கக் கூடாது.

2. கொறங்காட்டை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். மழை குறைந்த காங்கயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலம் அது. நிலத்தைத் துண்டுகளாக்கிக் கிளுவை வேலி போட்டிருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். ஒரு துண்டில் மாடு மேயும்போது இன்னொன்று தழையும். மாடு விட்டதைச் செம்மறி மேயும். புல் காய்ந்த கோடையில் வெள்வேலங்காய் தீனியாகும். வேலியில் ஓணான், புல்லுக்குள் கௌதாரி, மரத்தில் கூடு. யாரும் பாதுகாப்புத் திட்டம் போட்டு இதையெல்லாம் வளர்க்கவில்லை. மாட்டுக்காகச் செய்த ஏற்பாட்டில் அவையும் பிழைத்தன. கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டுவதை முன்னேற்றம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

3. எத்தனை உருப்படி என்பதை மழை சொல்லட்டும், ஆசை சொல்ல வேண்டாம்.

4. மேய்ச்சலே கூடாது என்று வாதிடுபவருக்கு சஸ்காச்சுவான் மாகாணத்தைக் காட்டுங்கள். அங்குள்ள கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் 2005-ல் பைசன்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒதுக்கி வைத்திருந்த மாடுகளையும் பிறகு சில பகுதிகளில் மேயவிட்டார்கள். கனடாவில் அந்த வட்டாரத்தில் மட்டுமே வாழும் கறுப்புவால் புல்வெளி நாய் என்ற கொறிணிக்குக் கட்டையான புல் வேண்டும். ஸ்பிரேக் நெட்டைக்காலிப் பறவைக்கு அதைவிட உயரமான புல் வேண்டும். எல்லா இடத்தையும் ஒரே மாதிரி மேய்த்தாலும், ஒரே மாதிரி பூட்டி வைத்தாலும் இரண்டில் ஒன்று போய்விடும்.

5. டொராண்டோ வறண்ட பூமியல்ல. இங்கே சும்மா விட்ட புல்வெளி சில காலத்தில் மரக்காடாகும். அதனால்தான் ஹை பார்க் ஓக் சவன்னாவில் திட்டமிட்டுத் தீ மூட்டுகிறார்கள். காங்கயத்தில் கூடுதலாக மேய்த்தால் வெறும் மண்தான் மிஞ்சும். ஓர் ஊர்க் கணக்கை இன்னோர் ஊருக்குச் சுமக்காதீர்கள்.

6. இங்குள்ள பால்செடி நம் எருக்குக் குடும்பம். மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத்தான் தின்னும். ஆடு வருமுன் இலையின் அடிப்புறம் பார்த்து, முட்டை இருந்தால் அந்த இடத்தை ஆட்டு வேலிக்கு வெளியே விடச் சொல்லுங்கள்.

7. ஆடு போன பிறகுதான் உங்கள் வேலை. மூன்று வாரம் கழித்து நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். மேய்ந்த இடத்தில் ஒரு சதுரமும் மேயாத இடத்தில் ஒரு சதுரமும் குறித்து, எது துளிர்த்தது, எது பூத்தது என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே சதுரங்களுக்கே வாருங்கள்.