தந்தையாகவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

தலைப்பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்து, குழந்தை பிறந்த பிறகும் மூன்று மாதமோ ஐந்து மாதமோ வார இறுதிகளில் மட்டும் போய்ப் பார்த்துவரும் கணவன், கைக்குழந்தைக்குத் தாயே போதும், விவரம் தெரிந்த பிறகு தகப்பன் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொள்வது தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இயல்பாகிவிட்டது. குழந்தை உளவியல் அறுபது ஆண்டுகளாகத் திரட்டிவைத்துள்ள சான்றுகள் அவ்வெண்ணத்துக்கு இடம் தரவில்லை.

அஞ்சும்போதும் நோயுறும்போதும் களைத்திருக்கும்போதும் குழந்தை குறிப்பிட்ட சிலரையே தேடிச்சென்று ஆறுதல் பெறுவதையும், அவர்கள் அருகிலிருக்கும் துணிவில் சுற்றுப்புறத்தை ஆராயப் புறப்படுவதையும் உளவியலார் பற்றுப்பிணைப்பு என்பர். இக்கோட்பாட்டை வகுத்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கையில் தாயையே நடுவில் வைத்து, தாயைத் தாங்கி நிற்கும் துணைப்பங்கையே தந்தைக்கு அளித்தார். ஆனால் ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாத வயதுக்குள் ஏறத்தாழ முக்கால்வாசிக் குழந்தைகள் தந்தையிடமும் பிணைப்புக் கொண்டிருந்தன. பாலூட்டிக் குளிப்பாட்டியவர் யார், நெடுநேரம் உடனிருந்தவர் யார் என்பதைக் காட்டிலும், குழந்தையின் அழுகைக்கும் சிரிப்புக்கும் உடனுக்குடன் முகங்கொடுத்தவர் யார் என்பதே பிணைப்பின் வலிமையோடு தொடர்புடையது என்றும் அவ்வாய்வு காட்டியது. வேலைப்பளுவால் நேரம் குறைந்த தந்தைக்கு இது பெரும் நம்பிக்கை தருவதாகும். எனினும், உடனிருந்தும் கைப்பேசியில் மூழ்கியிருப்பவரின் நேரம் இந்தக் கணக்கில் சேராது.

குழந்தையை வளர்க்கும் திறன் பெண்ணுக்குப் பிறப்பிலேயே அமைவது என்ற நம்பிக்கையை மைக்கேல் லாம்ப் போன்ற ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. தொடக்கத்தில் தாய், தந்தை இருவருமே கற்றுக்குட்டிகள்தாம். நாள்தோறும் செய்வதால் தாய் தேர்ச்சி பெறுகிறாள், செய்யாததால் தந்தை பின்தங்கித் தன்னம்பிக்கை இழக்கிறான். ஆகவே, துணி மாற்றவும் நள்ளிரவில் தோளில் சாய்த்து ஏப்பம் விடச்செய்யவும் தூளியாட்டவும் தந்தை முதல் வாரத்திலிருந்தே பழக வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் அன்பின் மிகுதியால் குழந்தையை வாங்கிக்கொள்ள வந்தாலும், பணிவோடு மறுத்துத் தொடர வேண்டும்.

தந்தையின் பங்கு விளையாட்டில் தனித்து விளங்குவதாகக் கண்டவர்கள் ஜெர்மனியின் காரின் கிராஸ்மன், கிளவுஸ் கிராஸ்மன் இணையர். இரண்டு வயதுக் குழந்தையோடு தந்தை விளையாடும்போது, குழந்தையின் போக்கை மதித்து, தேவையான இடத்தில் மட்டும் உதவி, சிறிது கடினமானதைச் செய்துபார்க்க ஊக்குவிக்கும் நயத்தை அவர்கள் அளந்தனர். அந்நயம் மிகுந்த தந்தையரின் பிள்ளைகள் 16 வயதிலும் நெருங்கிய உறவுகளைப் பற்றிக் கூடுதல் பாதுகாப்புணர்வோடு பேசியதை 2002இல் வெளியான கட்டுரை எடுத்துரைக்கிறது. வாங்கிக் குவிக்கும் பொம்மைகளுக்கு இதில் பங்கில்லை. குழந்தை தானே முயலும்வரை பொறுத்திருக்கும் தந்தையின் நிதானமே அளக்கப்பட்டது. கழுத்து நிற்காத பச்சிளங்குழந்தையைக் குலுக்குவதும் தூக்கிப்போட்டுப் பிடிப்பதும் மூளைக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்பதால், துள்ளல் விளையாட்டு வயதறிந்தே தொடங்கப்பட வேண்டும்.

தந்தையில்லாத பிள்ளைகள் குறைபட்டே வளர்வர் என்று இவ்வாய்வுகளுக்குப் பொருள் கொள்ளுதல் பிழையாகும். தாத்தாவோ தாய்மாமனோ அன்போடு நிலைத்து நின்றால் அப்பிணைப்பு அவர்களிடமும் வேரூன்றும்.

குழந்தையின் உடனிருக்க விடுப்பும் வேண்டுமல்லவா? மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு, உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்கும் நிலையில், 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறையில் அது பெரும்பாலும் நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. கிடைக்கும் விடுப்பு எதுவாயினும், பெயர்சூட்டு விழா ஏற்பாடுகளில் அதைக் கரைத்துவிடாமல், மாமியார் வீடென்று கூச்சப்படாமல், தம்பி அந்நாட்களைக் குழந்தையின் அருகிலேயே கழிக்க வேண்டும் என்பதே பெரியவர்களின் வேண்டுகோள்.

அன்புடன்,
பெரியப்பா