வீட்டுப் பரிசோதகர்: சட்டமும் தண்டனையும்

வில்லரேயின் வீடுகளிற் பல, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த, வெளிப்புறப் படிக்கட்டுகளைக் கொண்ட செங்கல் மாடிவீடுகளாகும். அவற்றுள் ஒன்றை வாங்கும் குடும்பம் பல்லாண்டுச் சேமிப்பை அதில் முதலிடுகின்றது. அத்திவார வெடிப்பையும் கூரைக் கசிவையும் முன்னரே கண்டு கூறவேண்டியவர் வீட்டுப் பரிசோதகர். அறிமுகமானவர், குறைந்த கட்டணம் கேட்பவர் என்பவை மட்டும் அவருக்குத் தகுதியாகா.

சட்டம் கூறுவது

கியூபெக்கில் நெடுங்காலமாக எவரும் தம்மைப் பரிசோதகர் என அழைத்துக்கொள்ள முடிந்தது. 2019இல் நிறைவேறிய சட்டம், இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஆர்.பி.கியூ. எனப்படும் கியூபெக் கட்டட ஆணையத்துக்கு வழங்கியது. அதற்கான விதிமுறை 2024 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2027 அக்டோபர் 1 முதல் ஆணையத்தின் சான்றிதழ் கட்டாயமாகும்.

தண்டனைகள்

சான்றிதழ் கட்டாயமான பின்னர் அஃதின்றித் தொழில் செய்வோர் கட்டடச் சட்டத்தின் கீழ் அபராதத்துக்கு உள்ளாவர். பொறியியலாளர் அல்லது கட்டடக் கலைஞர் எனப் பொய்யாகக் கூறிக்கொள்வது தனிக் குற்றம். தொழில்முறைச் சட்டக்கோவையின்படி அதற்குத் தனிநபருக்கு 2,500 முதல் 62,500 டொலர் வரையும், நிறுவனத்துக்கு 5,000 முதல் 125,000 டொலர் வரையும் அபராதம் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் தொகை இரட்டிப்பாகும்.

எனினும் அபராதப் பணம் ஏமாந்தவருக்குச் சேராது. இழப்பீடு வேண்டுவோர் தாமே வழக்குத் தொடுத்தல் வேண்டும். 15,000 டொலர் வரையான கோரிக்கையைச் சிறு உரிமைக் கோரிக்கைப் பிரிவில் சட்டத்தரணி இன்றியே முன்வைக்கலாம். ஆனால் காப்புறுதி இல்லாத பரிசோதகருக்கு எதிராகத் தீர்ப்புக் கிடைத்தாலும், பணம் கைக்கு வருமென்பது உறுதியன்று.

வாங்குவோர் கவனத்துக்கு

1. பரிசோதகரின் சான்றிதழ் நிலையை ஆணையத்திடம் உறுதிசெய்தல்.

2. தொழிற்பொறுப்புக் காப்புறுதிக்கான சான்றைக் கேட்டுப் பெறுதல்.

3. பரிசோதனைக்கு முன்னரே எழுத்துமூல ஒப்பந்தம் செய்தல். பி.என்.கியூ. 3009-500 தரநியமத்தைப் பின்பற்றுவதாக அதில் குறிப்பிடச் செய்தல்.

4. வாய்மொழிக் கருத்துடன் நின்றுவிடாது எழுத்துமூல அறிக்கையைப் பெறுதல்.

5. குடியேறிய பின் மறைகுறை தெரியவந்தால், திருத்த வேலையைத் தொடங்குமுன் விற்றவருக்கு எழுத்தில் அறிவித்தல்.

விழிப்புள்ள ஒருவர் நிபுணரின் உதவியின்றியே காணக்கூடிய குறையைக் குடியியல் சட்டக்கோவை மறைகுறையாகக் கொள்வதில்லை. ஆகவே பரிசோதகர் உடன் வரினும், வாங்குவோர் தம் கண்ணாலும் வீட்டை முழுமையாகப் பார்த்தல் இன்றியமையாதது.