மல்டிமீடியாவைத் தொடுமுன்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஆசிரியர் நியமனம் கிடைத்து இறம்பொடைப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு வந்திருக்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, வகுப்பில் மல்டிமீடியா புரொஜெக்டரில் படம் காட்டலாமா என்று கேட்டீர்கள். பிளேன்டீ ஆறிப்போகும்வரை பேசியும் தீரவில்லை. மிச்சத்தை எழுதியிருக்கிறேன். நம்பர் போட்டிருக்கிறேன் என்பதற்காக ஒழுங்கைத் தேடாதீர்கள்.

1. பிள்ளைகளை விடுங்கள், முதலில் நீங்கள் பார்த்த படத்தைப் பற்றிப் பேசப் பழகுங்கள். திங்கட்கிழமை ஸ்டாப் ரூமில் "படம் எப்படி?" என்று ஒருவர் கேட்பார். "செம" என்பார் ஒருவர், "வேஸ்ட்" என்பார் இன்னொருவர். மணி அடித்துவிடும். அது கருத்தல்ல, ஏப்பம். எந்தக் காட்சி, அதில் யார் என்ன செய்தார், எந்த இடத்தில் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொல்ல வராத ஆசிரியர், பிள்ளையிடம் 'உன் கருத்தை எழுது' என்று கேட்பதில் நியாயம் இல்லை.

2. பாடவேளை 40 நிமிடம். இரண்டரை மணி நேரப் படத்தைத் துண்டு துண்டாக ஒரு வாரம் ஓட்டினால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது இடைவேளைகள்தான். அல்பேர் லமொரிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1956இல் எடுத்த 'சிவப்பு பலூன்' 34 நிமிடம். பாரிஸ் தெருவில் ஒரு சிறுவன், அவனுக்குப் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி வருகிற ஒரு பலூன், அதைப் பறிக்க வருகிற மற்றப் பையன்கள். பேச்சு மிகக் கொஞ்சம். ஆனாலும் திரைக்கதைக்கு ஒஸ்கார் வாங்கிய படம் அது. நமக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு. தகரக் கூரையில் மழை அடிக்கத் தொடங்கினால் நம் வகுப்பில் எந்த வசனமும் காதில் விழாது. ஸ்பீக்கருக்கு அலைய வேண்டாம், மழை நாளுக்கென்றே இதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. காட்டப்போகும் படத்தை முன்கூட்டியே இரண்டு தரம் பாருங்கள். முதல் தரம் படத்துக்காக. இரண்டாம் தரம் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

இதை நான் அடிபட்டுத்தான் படித்தேன். மஜித் மஜிதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' 1997இல் வந்த ஈரானியப் படம். தங்கச்சியின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அண்ணன், தன் ஒரே சோடியைக் காலையில் அவளுக்கும் பிறகு தனக்குமாக மாற்றி மாற்றி ஓடுகிற கதை. உலகமே மெச்சிய படம், சிறுவர் படம் வேறு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நேராகப் போட்டுவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பிக் கடைசி வாங்கைப் பார்த்தார்கள். அங்கே இருந்த பையனின் சப்பாத்து வாய் பிளந்து, நூலால் கட்டியிருந்தது. அவன் காலை வாங்குக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அடுத்த இரண்டு நாள் வரவில்லை. படத்தில் ஒரு குறையும் இல்லை. வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று பாராமல் போட்டது என் பிழை. தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? லயத்தில் போன மழைக்கு மண் சரிந்த வீடு யாருடையது? தெரியாவிட்டால் படத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

4. படம் முடிந்ததும் "இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை என்ன?" என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடித்து 'ஒற்றுமை', 'விடாமுயற்சி' என்று எழுதித் தந்துவிடுவார்கள். விளக்கைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். சும்மா நிற்பது லேசான வேலையல்ல.

அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' (1987) படத்துக்கு நான் அப்படித்தான் நின்றேன். வீட்டுவேலையைக் கொப்பியில் எழுதாமல் வந்தால் பாடசாலையை விட்டே நிறுத்திவிடுவேன் என்று வாத்தியார் எச்சரித்திருக்கிறார். அன்று ஒரு பையன் தவறுதலாக நண்பனின் கொப்பியையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறான். அதைக் கொடுக்க மேடேறி அடுத்த ஊர்வரை ஓடி அலைகிறான், வீடு கிடைக்கவில்லை. கடைசியில் நண்பனின் வீட்டுவேலையைத் தானே எழுதிவைக்கிறான். வாத்தியார் பார்த்துச் சரி போடுகிறார். என் வகுப்பில் ஒரு நிமிடம் மூச்சுச் சத்தம்தான். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப அது கொப்பியடிச்சதுதானே சேர்?"

அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகிவிட்டது. களவு என்றார்கள் சிலர். பயங்காட்டுகிற வாத்தியாருக்கு அப்படித்தான் செய்யவேணும் என்றார்கள் சிலர். என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடிதான் சொன்னார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த விவாதம் இடைவேளைக்கு மைதானத்துக்குப் போயிருக்காது.

5. நம் மலையைக் காட்டுகிற படம் வந்தால் உங்கள் வாயைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பேச விடுங்கள். தமிழ்ப் படத்தில் தேயிலை மலை அநேகமாகப் பாட்டுக்குப் பின்சீலை. ஒரு முறை அப்படி ஒரு பாட்டைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டேன். கூடையோடு ஆடிக்கொண்டே கதாநாயகி இலை கிள்ளுகிறாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழும்பி, "அந்தக்கா எடுக்கிறது பூரா முத்தல் சேர், கங்காணி கூடையோட கொட்டிருவாரு" என்றது. இன்னொன்று, "ஒத்தக் கையால எடுத்தா அரைப் பேருகூடத் தேறாது" என்றது. (பேரு என்பது நாட்சம்பளக் கணக்கு.) எந்தப் பத்திரிகை விமர்சகருக்கும் கிடைக்காத கண் அது. அந்தக் கண்ணை இலக்கணப் பிழை திருத்திக் குருடாக்கிவிடாதீர்கள். முதலில் சொன்னபடியே எழுத விடுங்கள். எழுத்துப் பிழை நாளைக்கு.

பாலாவின் 'பரதேசி' (2013) பற்றியும் கேட்டீர்கள். முழுப் படமும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. பெரிய வகுப்புக்கு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கு நடக்கும் பகுதியை மட்டும் காட்டலாம். "இது நம்ம தோட்டமா சேர்?" என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் படத்துக்கு மூலம் பி.எச். டானியல் என்ற மருத்துவர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். அது ஆனைமலைத் தோட்டங்களின் கதை, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். மலை வேறு என்றாலும், ஆசை காட்டி அழைத்துவந்து கடனில் கட்டிவைத்த விதம் ஒன்றுதான். எது ஒன்று, எது வேறு என்று பலகையில் இரண்டு பக்கமாக எழுத வையுங்கள். மருத்துவர் எழுதிய கதையைப் படமாக்கிவிட்டு, அதில் வருகிற மருத்துவரையே கேலிக்கூத்தாக்கியது எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம், வாருங்கள், சண்டை பிடிப்போம்.

6. இது உங்களுக்கும் உயர்தர வகுப்புக்கும் மட்டும்: பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' (2023). 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில் கேரளத்துத் தம்பதி ஒன்று இராமாயண இடங்களைப் பார்க்க இந்த மலைக்கு வருகிறது. பொருட்கள் களவு போகின்றன, பொலிஸ் தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிறது. இறம்பொடை அனுமார் கோயிலுக்கு வந்து நிற்கும் வேன்களை நாள்தோறும் பார்க்கிற நமக்கு இந்தக் கதை தூரத்துக் கதையல்ல. அந்த வேன்களை நாம் வெளியில் நின்றுதான் பார்த்திருக்கிறோம். படம் நம்மை உள்ளே ஏற்றி, கண்ணாடி வழியாக லயத்தைப் பார்க்க வைக்கிறது.

என்னோடு படம் பார்த்த ஓர் ஆசிரியை, "நம்ம ஆட்களுக்குப் பேச்சே கொடுக்கவில்லையே" என்று கோபப்பட்டார். வந்தவர்கள் நம்மை அவ்வளவுதான் பார்க்கிறார்கள், அதைத்தான் படம் சொல்கிறது என்றேன் நான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சிவமோகன் சுமதியின் 'இங்கிருந்து' (2013) படத்தைச் சொல்லி, அது நம் ஆட்களின் பக்கத்திலிருந்தே பேசவில்லையா என்று என்னை மடக்கினார். இரண்டையும் பார்த்துவிட்டு வந்து நீங்கள் சொல்லுங்கள்.

7. சிங்களம் இரண்டாம் மொழியாகப் படிப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோமரத்ன திசாநாயக்கவின் 'சரோஜா' (2000) ஒரு தமிழ்ச் சிறுமியும் சிங்களச் சிறுமியும் சிநேகிதமாகிற கதை. பத்து நிமிடத்தைச் சத்தமில்லாமல் போட்டு, அந்த இருவரும் என்ன பேசியிருப்பார்கள் என்று சிங்களத்தில் சொல்ல வையுங்கள். பிறகு சத்தத்தோடு போடுங்கள்.

8. மேலிடத்துச் சுற்றறிக்கைக்குக் காத்திராதீர்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை மாதம் ஒரு சிறார் படம் காட்டத் திட்டமே போட்டார்கள். நமக்கு அதிபரின் சம்மதமும் ஒரு வெள்ளைத் துணியும் போதும். கரண்ட் போனால் மிச்சக் கதையைப் பிள்ளைகளே சொல்லட்டும். சில நாள் அது படத்தைவிட நன்றாக இருக்கும்.

9. கடைசியாக, திரையே தேவைப்படாத ஒரு பாடம். இந்த நாட்டின் முதல் தமிழ்ப் படம் 'சமுதாயம்' 1962இல் வந்தது. அடுத்த வருடமே 'தோட்டக்காரி'. நம் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' எடுத்து, தானே நடித்தார். பின்னைய இரண்டும் தோட்டத்து வாழ்க்கையைத் திரையில் காட்டிய படங்கள். இன்று தேடினால் லேசில் அகப்படாது. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது எத்தனையோ படச்சுருள்கள் அங்கேயே சாம்பலாகிவிட்டன.

ஆனால் பார்த்த கண்கள் இன்னும் லயங்களில் இருக்கின்றன. பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து அப்பாயியிடமும் தாத்தாவிடமும் அனுப்புங்கள். டவுனுக்கு யாரோடு நடந்து போனீர்கள், டிக்கட் எவ்வளவு, எந்த இடத்தில் அழுதீர்கள், எந்த இடத்தில் விசிலடித்தீர்கள் என்று கேட்டு வரட்டும். 'புதிய காற்று' பார்த்தவர் எவரேனும் அகப்பட்டால் அந்தக் கொப்பியை எனக்கும் காட்டுங்கள். எனக்கும் சில காட்சிகள் நினைவில் இருக்கின்றன, அவை படத்தில் இருந்தவையா நானாகச் சேர்த்தவையா என்று ஒத்துப்பார்க்க வேண்டும்.